அலை, அலைச்சல், அலசல்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கட்டுரையோ மனுவோ பாடநூலோ, எதைத் திருத்தினாலும் ‘அலை’ என்ற இரண்டெழுத்துச் சொல் எங்காவது ஓரிடத்தில் தகராறு செய்யும். எழுதியவர் அதைப் பற்றிக் கேட்பார், நான் சொல்வேன். அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். அந்தக் கேள்விகளையெல்லாம், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அலை என்றால் கடல் அலைதானே? இதில் கேட்க என்ன இருக்கிறது?

கடல் அலையும்தான். ஆனால் ‘அலை’ முதலில் ஒரு வினைச்சொல். ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் அசைவதுதான் அதன் பொருள். அலைவது எதுவோ அது அலை. இடிப்பது இடி, அடிப்பது அடி என்கிறோமே, அதே வழி. வினையின் வேரே எந்த விகுதியும் சேராமல் பெயராக நின்றுவிடுகிறது.

அதனால்தான் காற்றில் அசையும் கூந்தலும், வேலை தேடித் தெருத்தெருவாகச் சுற்றுபவரும், நிலைகொள்ளாத மனமும், வானொலியில் வரும் பாட்டும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மலையாளத்தில் அல, கன்னடத்தில் அலெ, தெலுங்கில் அல. அக்கம்பக்க மொழிகளிலும் கடல் இதே சொல்லால்தான் அசைகிறது.

“வேலைக்கு அலைகிறான்” என்பதற்கும் கடல் அலைக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா, எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டதா?

சம்பந்தம் உண்டு. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தக்கையை மிதக்க விட்டு, ஓரத்தில் விரலால் தட்டிப் பாருங்கள். அலை தக்கையைத் தாண்டி அடுத்த ஓரம் வரை போகும். தக்கை போகாது. ஏறும், இறங்கும், கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வரும், கடைசியில் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். அலை எடுத்துச் செல்வது ஆற்றலை, தண்ணீரை அல்ல என்று இயற்பியல் புத்தகம் சொல்வது இதைத்தான்.

இப்போது காலையில் புறப்பட்டு நாலு இடம் ஏறி இறங்கி, வேலை முடியாமல் சாயங்காலம் வீடு திரும்பியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் அந்தத் தக்கைதான். போன காரியம் முடிந்திருந்தால் “போய் வந்தேன்” என்பார். முடியாவிட்டால்தான் “அலைந்தேன்”. அசைவு உண்டு, சேர்ந்த இடம் இல்லை. இந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் சாவி.

அலைந்தான், அலைத்தான் இரண்டும் சரியா? ஒன்று அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

இரண்டும் சரி. அலைந்தான் என்றால் அவனே அலைந்தான், தன்வினை. அலைத்தான் என்றால் இன்னொருவரை அலையச் செய்தான், பிறவினை. வளைந்தது, வளைத்தான் போல.

இன்று ‘அலைத்தான்’ பேச்சில் இல்லை. அந்த இடத்தை ‘அலையவிட்டான்’, ‘அலையவைத்தான்’, ‘அலைக்கழித்தான்’ என்ற மூன்றும் பிடித்துக்கொண்டன. பழைய உரைகளைப் படிக்கும்போது ‘அலைத்தான்’ கண்ணில் பட்டால் திருத்திவிடாதீர்கள்.

அலைக்கழித்தலா, அழைக்கழித்தலா?

அலைக்கழித்தல். இது நான் மிக அதிகமாகத் திருத்திய பிழை. ஒருவர் ஒரு அலுவலகத்துக்கு எழுதிய மனுவைக் கொண்டுவந்தார். ஆறு மாத வேதனையை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் “என்னைத் தொடர்ந்து அழைக்கழிக்கிறார்கள்” என்று இருந்தது. வாசிப்பவருக்கு அவர்கள் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பதுதான் மனுவின் சாரமே.

அழை என்றால் கூப்பிடு. அளை என்றால் கையை விட்டுத் துழாவு. பழந்தமிழில் நண்டின் வளைக்கும் தயிருக்கும்கூட அளை என்று பெயர் உண்டு. மூன்று லகரங்களுக்கும் மூன்று தனிச் சொற்கள்.

“காசுக்கு அலைகிறான்” என்று எழுதினால் திட்டு ஆகிவிடுமா?

ஆகும். ‘வேலைக்கு அலைகிறான்’ என்றால் கேட்பவருக்குப் பரிதாபம் வரும். ‘காசுக்கு அலைகிறான்’, ‘பதவிக்கு அலைகிறான்’ என்றால் முகம் சுளிப்பார்கள். இரண்டிலும் நான்காம் வேற்றுமை, இரண்டிலும் அதே வினை, தொனி மட்டும் தலைகீழ். தேவைக்கு அலைந்தால் பாவம், ஆசைக்கு அலைந்தால் கேவலம். “ரொம்ப அலையாதே” என்று ஒருவர் சொல்வது உடம்பு நோகுமே என்ற அக்கறையா, அடங்கு என்ற அதட்டலா என்பது சொல்பவரின் குரலில்தான் தெரியும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால், செய்திக் கட்டுரைகளில் இந்த இரண்டாவது பிரயோகத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன்.

அலைதல், அலைவு, அலைச்சல், அலைப்பு எல்லாம் ஒன்றா?

வேர் ஒன்று, வேலை வேறு. அலைதல் செயலின் பொதுப்பெயர். அலைச்சல் அலைந்தவரின் உடம்பில் தங்குவது: “இன்றைக்கு ஒரே அலைச்சல்” என்றால் கால்வலியும் சேர்த்தி. அலைப்பு பிறரை அலைப்பது, அபூர்வமாகிவிட்டது.

அலைவு பெரும்பாலும் பாடப்புத்தகச் சொல். ஊசல் குண்டு ஒரு பக்கம் போய் மறுபக்கம் போய்ப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால் ஓர் அலைவு. அதற்கு ஆகும் நேரம் அலைவு நேரம். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு ஏறக்குறைய 2 விநாடி. “வங்கிக்கு அலைவு” என்று எழுதக் கூடாது, “ஊசலின் அலைச்சல்” என்றும் எழுதக் கூடாது. இரண்டாவதை ஒரு மாணவர் நிஜமாகவே எழுதினார். அடிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பாம்பு போவதும் அலை மாதிரிதானே இருக்கிறது? “பாம்பு அலைந்து சென்றது” என்று எழுதலாமா?

எழுதினால் பாம்பு இரை தேடிச் சுற்றியது என்றே பொருள்படும். அலைபோன்ற அசைவு ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனி வினை உண்டு. பாம்பும் புழுவும் நெளியும். ஊசலும் ஊஞ்சலும் ஆடும். கொடி காற்றில் படபடக்கும், காற்று மெல்லியதானால் அசைந்தாடும். படகு தள்ளாடும். பயிர் மட்டும் அலையடிக்கும், அதுவும் தூரத்திலிருந்து பார்க்கும்போது. தரை அலைபோல ஏறி இறங்கினால் மேடும் பள்ளமும் என்று சொல்லிவிட்டுப் போவதே நல்லது. ‘அலைவுற்ற நிலப்பரப்பு’ என்று மொழிபெயர்த்து வந்த ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தும் எனக்கு நிலம் கண்ணில் தெரியவில்லை.

நெளிவு என்று வந்ததால் ஒன்று: ‘நெளிவு சுளிவு தெரிந்தவர்’ என்கிறோமே, அங்கே பாம்பின் அசைவே திறமைக்குப் பெயராகிவிட்டது. அலைகிறவன் போய்ச் சேருவதில்லை, நெளிகிறவன் சேர்ந்துவிடுகிறான் போலும்.

“திரைகடல் ஓடியும் திரவியம் தேடு” என்பதில் உள்ள திரை என்ன? திரைச்சீலையா?

அலைதான். திரைகடல் என்றால் அலைகடல். ஔவையாரின் கொன்றைவேந்தன் வரி இது. திரை என்பதற்கும் அலை மாதிரியே வினை வேர் இருக்கிறது: திரைதல் என்றால் சுருங்குதல், மடிப்பு விழுதல், சுருண்டு எழுதல். வயதான தோலில் விழும் சுருக்கமும் திரைதான். ‘நரை, திரை, மூப்பு’ என்று வரிசையாகச் சொல்வது அதனால்தான்.

அலைக்கும் திரைக்கும் ஒரு நுணுக்கமான வேறுபாடு எனக்குத் தோன்றும். அலை என்னும்போது அசைவு முன்னால் நிற்கிறது, திரை என்னும்போது வடிவம் முன்னால் நிற்கிறது. நீர்ப்பரப்பில் ஒரு மடிப்பு விழுந்து உருண்டு வருகிறதே, அந்த மடிப்பு திரை. இது அகராதியில் இல்லை, என் வாசிப்பு மட்டுமே.

அலை, திரை தவிர வேறு சொற்கள் இல்லையா?

நிறைய. ஓதம், தரங்கம், கல்லோலம் மூன்றும் செய்யுளில் வரும். இதில் ஓதத்தின் கதை வேடிக்கை. கடல் பெருகி ஏறுவதைக் குறித்த சொல், பள்ளிப் புவியியலில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று இன்னும் கடலோடு இருக்கிறது. வீட்டிலோ “சுவரில் ஓதம் ஏறுகிறது” என்று ஈரக்கசிவாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது அறல். ஆற்றுநீர் ஓடி வடிந்த பிறகு மணலில் வரிவரியாக ஒரு நெளிவு பதிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். காலால் மிதிக்க மனம் வராது. அந்த வரிதான் அறல். சங்கப் பாட்டில் பெண்ணின் கூந்தலுக்கு உவமையாக ‘அறல்போல் கூந்தல்’ என்று வரும். அலை போய்விட்டது, அலை கிடந்த அடையாளம் மட்டும் மிச்சம். அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்.

தரங்கம்பாடி என்றால் “பாடும் அலைகள்” என்கிறார்களே, சரியா?

கேட்க அழகாக இருக்கிறது. தரங்கம் அலை என்பதும் சரி. ஆனால் ‘பாடி’ பாட்டுப் பாடுவதிலிருந்து வந்ததல்ல. குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஊர்ப்பெயர் ஈறு அது. மேலும், அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1620-இல் வந்து கோட்டை கட்டுவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெயர் அது. சடங்கன் தரங்கமாக மாறிய பிறகு அலை உள்ளே வந்தது, அதன் பின் அது பாடத் தொடங்கியது.

நிஜமாகவே அலை குடிகொண்ட ஊர்ப்பெயர் வேண்டுமானால் திருச்செந்தூரைச் சொல்லலாம். திருமுருகாற்றுப்படையில் அதன் பெயர் சீரலைவாய். அலை வந்து மோதும் வாய். இன்றைக்கும் தென்கடலோரத்தில் கரையை ‘அலைவாய்க்கரை’ என்பார்கள்.

“ஓர் அலசல்” என்று கட்டுரைத் தலைப்பு வைக்கிறார்களே, அதுவும் இந்த வேரா?

அதேதான். துணியைத் தண்ணீரில் முக்கி இப்படியும் அப்படியும் ஆட்டுவது அலைசுதல், பேச்சில் அலசுதல். சோப்பு நுரை போகும்வரை, தண்ணீர் தெளியும்வரை ஆட்டவேண்டும். அதிலிருந்துதான் ஒரு விஷயத்தை முன்னும் பின்னும் புரட்டி அழுக்கெடுப்பது அலசல் ஆயிற்று. ஆகவே எந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்காமல் புகழ்ந்து மட்டும் எழுதிய கட்டுரைக்கு ‘ஓர் அலசல்’ என்று தலைப்பு வைப்பது, துணியை நனைத்து உடனே கொடியில் போடுவது மாதிரி.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில பழைய உறவுகள் உண்டு. அலங்குதல் என்றால் அசைதல். அலமரல் என்றால் சுழலுதல், அதனால் கலங்குதல். “அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி” என்று தொல்காப்பியமே பொருள் எழுதி வைத்திருக்கிறது.

திருக்குறளில் “அலைமேற்கொண்டு” என்று வருகிறதே, அரசன் கடலில் போனானா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் பத்தாம் வகுப்பு மாணவி, தப்பான கேள்வியும் இல்லை. கொடுங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள், எண் 551:

கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்டு
அல்லவை செய்தொழுகும் வேந்து.

இங்கே அலை என்பது ‘அலைத்தல்’. மேலே மூன்றாவது கேள்வியில் பார்த்த பிறவினைதான், பெயராக நிற்கிறது. குடிமக்களை அலைத்து வருத்துவதையே தொழிலாகக் கொண்ட அரசன், கொலைத்தொழில் செய்பவரைவிடக் கொடியவன் என்கிறார். நான்காவது கேள்வியில் சொன்ன அந்த மனுக்காரருக்கு இந்தக் குறளைப் படித்துக் காட்டினேன். மனுவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், வேலை நடக்கட்டும் என்று தடுத்துவிட்டேன்.

அலைபேசி, செல்பேசி, கைபேசி எதை எழுதுவது?

மூன்றும் புழக்கத்தில் உள்ளன, ஒரு கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். அலைபேசியில் உள்ளது வானொலி அலை, கம்பி இல்லாமல் அலையால் பேசுவது. அலைந்துகொண்டே பேசுவதால் அலைபேசி என்று சிலர் விளக்குகிறார்கள். அப்படிப் பிறந்த சொல் அல்ல, ஆனால் பேசியபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பவர்களைப் பார்த்தால் மறுக்கவும் வாய் வரவில்லை.

அலைவரிசை, அலைநீளம், அலைக்கற்றை குழப்புகிறது. எதற்கு எது?

ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். (அலையின் உச்சி முகடு, பள்ளம் அகடு. அழகான இணை, பாடப்புத்தகத்தைத் தாண்டி யாரும் எடுத்தாளவில்லை.) ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண். ஒரு நிலையம் ஒலிபரப்பும் இடம், அதாவது நாம் திருப்பும் ‘சானல்’, அலைவரிசை. பல அதிர்வெண்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி அலைக்கற்றை, அரசு ஏலம் விடுவது அதைத்தான். கற்றை என்றால் கூந்தல் கற்றை, வைக்கோல் கற்றை என்பதுபோல ஒரு பிடி. ஒளி பிரிந்து தெரியும் வண்ணப் பட்டைக்கு மட்டும் நிறமாலை.

“நானும் அவரும் ஒரே அலைவரிசை” என்பது இரவல் வழக்கு. இருந்தாலும் தமிழில் ஒட்டிவிட்டது, அடிக்க வேண்டியதில்லை.

சிற்றலை என்றால் மிகச் சிறிய அலை, சரிதானே?

பெயரை நம்பினால் அப்படித்தான். கணக்குப் போட்டால் வேறு. வானொலி அலையின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸ் என்றால் 300 மீட்டர். சிற்றலை சுமார் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்கு வெறும் 3 மீட்டர். சிற்றலைக்குப் பெயர் வைத்த காலத்தில் அது சின்னது. பிறகு அதைவிடச் சின்னவை வந்துவிட்டன, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

‘பண்பலை’யில் பண்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். ஒலிக்குத் தக்கபடி அலையை மாற்றுவது பண்பேற்றம். அதிர்வெண்ணை மாற்றினால் அதிர்வெண் பண்பேற்றம், வீச்சை மாற்றினால் வீச்சுப் பண்பேற்றம். முதலாவதைச் சுருக்கிப் பண்பலை ஆக்கினார்கள். கறாராகப் பார்த்தால் மத்திய அலையும் பண்பேறியதுதான். கறாராகப் பார்க்கவேண்டிய இடம் இது இல்லை, விடுங்கள்.

சுனாமி, ஆழிப்பேரலை, கடல்கோள் எது சரியான தமிழ்?

சுனாமி ஜப்பானியச் சொல். ‘சு’ துறைமுகம், ‘நாமி’ அலை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அது ஒவ்வொரு தமிழ் வாயிலும் ஏறிவிட்டது, பிழையில்லை. ஆழிப்பேரலை அதே சமயத்தில் பரவிய தமிழாக்கம், ஆழி என்றால் கடல்.

ஆனால் நடுக்கடலில் அது பேரலையே இல்லை. முகட்டுக்கு முகடு பல நூறு கிலோமீட்டர் இருக்கலாம், உயரமோ ஒரு மீட்டருக்குள்தான், மேலே நிற்கும் படகுக்குத் தெரியவே தெரியாது. கரை ஏறும்போதுதான் உயர்கிறது. கடல்கோள் என்ற பழஞ்சொல் அலையைப் பேசவில்லை, கடல் வந்து கொண்டுபோனதைப் பேசுகிறது. கரையில் நின்றவர் வைத்த பெயர். வரலாறு எழுதும்போது அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

“அனுதாப அலை”, “இரண்டாம் அலை” எல்லாம் தமிழா?

உவமை வெளியிலிருந்து வந்தது, சொல் நம்முடையது. எழுந்து, உச்சிக்குப் போய், இறங்குகிற எதற்கும் பொருந்தும். தேர்தலுக்கும் பொருந்தும், 2021-இல் கொரோனாவுக்கும் பொருந்தியது. இறங்காத ஒன்றுக்கு மட்டும் அலை என்று எழுதாதீர்கள். “விலைவாசி அலை” என்று ஒரு தலைப்பு வந்தது. அடித்துவிட்டு ‘ஏற்றம்’ என்று போட்டேன்.

அலையாத்தி காடு என்றால் அலையாத காடா?

பிரிக்கவேண்டிய இடம் வேறு. அலை + ஆத்தி. அலையின் வேகத்தை ஆற்றுவது, பேச்சில் ஆத்துவது, என்று விளக்குவார்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற கழிமுகங்களில் வேர்கள் பின்னிப் பிணைந்து நிற்கும் காடு. அந்த வேர்ப்பின்னல் அலையின் வலுவைக் குறைக்கும் என்பது உண்மை.

கடைசியாக ஒன்று. “அலையாய் அலைந்தேன்” என்கிறோமே, அதில் முதல் அலை கடல் அலையா, இரண்டாவது வினையின் எதிரொலியா?

இதற்கு நான் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். ‘நாயாய் அலைந்தேன்’ என்பதோடு வைத்துப் பார்த்தால் உவமை: அலைபோல அலைந்தேன். “அடி அடியென்று அடித்தான்” என்பதோடு வைத்துப் பார்த்தால் அழுத்தத்துக்காக வினையையே இரட்டித்தது. பேச்சில் “அலையோ அலைன்னு அலைஞ்சேன்” என்பார்கள், அங்கே இரட்டிப்புதான், சந்தேகமே இல்லை. ‘அலையாய்’ என்று எழுதும்போது இரண்டும் கேட்கிறது. முதல் பதிலில் சொன்னபடி அலைவதுதான் அலை என்பதால், எதை எதற்கு உவமை சொன்னாலும் சொல் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. நான் இப்போதெல்லாம் அந்தத் தொடரில் கைவைப்பதில்லை. அலைந்தவர் எப்படி எழுதினாரோ அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.